வாரியர்ஸ்: காட்டில் வாழும் பூனைக் குலங்களின் கதைத்தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தொடர் எதைப் பற்றியது?

வீட்டில் வளரும் ரஸ்டி என்ற செம்பட்டை நிற இளம் பூனை, தோட்டத்து வேலிக்கு அப்பால் இருக்கும் காட்டுக்குள் எலி பிடிக்கும் ஆசையில் ஓர் இரவு நுழைகிறான். அங்கே கிரேபா என்ற மற்றொரு இளம் பூனை அவன் மேல் பாய்கிறான். ஓட்டம் பிடிக்காமல் திரும்பி நின்று தாக்கிய ரஸ்டியின் துணிவை மறைவிலிருந்து பார்த்த தண்டர் குலத்தின் தலைவி புளூஸ்டார், தன் குலத்தில் வந்து சேருமாறு அவனை அழைக்கிறாள்.

முகாமில் அவனுக்கு நல்ல வரவேற்பு இல்லை. லாங்டெயில் என்ற போர்வீரன் எல்லோர் முன்னிலையிலும் அவனை ‘வீட்டுப் பூனை’ என்று இகழ, சண்டை மூள்கிறது. லாங்டெயில் கழுத்துப்பட்டையைக் கவ்வி இழுக்க, ரஸ்டிக்கு மூச்சு முட்டுகிறது; திடீரென்று பட்டை அறுந்துவிடுகிறது. அறுந்த பட்டையை மூதாதையர் தந்த சம்மதமாகக் கொண்ட புளூஸ்டார், அவனுக்கு ஃபயர்பா என்று புதுப் பெயர் சூட்டுகிறாள். அந்தப் பூனை போர்வீரனாகி, துணைத்தலைவனாகி, இறுதியில் குலத்தலைவனாகும் கதையே தொடரின் முதல் பகுதியான முதல் ஆறு நூல்கள். அதன்பின் அவனுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கதை தலைமுறை தலைமுறையாக நீள்கிறது. முதல் நூலான ‘இன்டு தி வைல்ட்’ 2003 ஜனவரியில் வெளிவந்தது. தொடர் இன்றும் முடியவில்லை.

கீழே வரும் விடைகள் சிலவற்றில் கதையின் திருப்பங்கள் வெளிப்படுகின்றன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

இவை உண்மையான காட்டுப்பூனைகளா?

விலங்கியலின்படி இல்லை. ஐரோப்பியக் காட்டுப்பூனை தனி இனம். பிரிட்டனில் அது ஸ்காட்லாந்தில் மட்டும், அழிவின் விளிம்பில் எஞ்சியிருக்கிறது. கதையில் வருபவை நம் வீட்டுப் பூனையின் இனமே. மனிதரைச் சாராமல் காட்டில் பிறந்து வளர்ந்தவை என்பதே வேறுபாடு. கதைக்கும் இதுதான் பொருந்துகிறது. குலத்துப் பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் இரத்தத்தில் வேறுபாடு எதுவும் இல்லாதபோது, ‘வீட்டுப் பூனை’ என்ற வசவு வெறும் சாதிப்பெருமை போன்ற ஒன்றாகிவிடுகிறது. ஃபயர்பா தலைவனான பின்னும் அந்த வசவு அவனை விட்டபாடில்லை.

எரின் ஹன்டர் என்பவர் யார்?

அப்படி ஒருவர் இல்லை. அது பல எழுத்தாளர்கள் பகிர்ந்துகொள்ளும் புனைபெயர். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், காட்டில் வாழும் பூனைகளைப் பற்றி ஒரு கற்பனைக் கதை வேண்டும் என்று லண்டனில் உள்ள வொர்க்கிங் பார்ட்னர்ஸ் என்ற நூலாக்க நிறுவனத்தை அணுகியது. அங்கே ஆசிரியராக இருந்த விக்டோரியா ஹோம்ஸ் மாயக்கதைகளில் பெரிய நாட்டம் இல்லாதவர். ஆகவே அவர் போர், அரசியல், பழிவாங்கல், நிறைவேறாத காதல் ஆகியவற்றைப் பூனைகளின் உலகத்துக்குள் கொண்டுவந்தார். ஒரே நூலாக எண்ணப்பட்டது ஆறு நூல்களாக விரிந்தது இதனால்தான். கதைப்போக்கை ஹோம்ஸ் வகுத்துக் கொடுக்க, கேட் கேரி, செரித் பால்ட்ரி ஆகியோர் நூல்களை எழுதினர்; துணைநூல்களில் வேறு சிலரும் பங்கேற்றனர்.

கூட்டாக எழுதுவதன் குறையும் நூல்களில் தெரிகிறது. ஒரு பூனையின் கண்ணின் நிறம் ஒரு நூலில் ஒன்றாகவும் அடுத்த நூலில் வேறாகவும் இருக்கும். இத்தகைய முரண்பாடுகளைத் தேடிப் பட்டியல் போடுவதே சில வாசகர்களுக்குத் தனி விளையாட்டாகிவிட்டது.

குலங்கள் எப்படி வாழ்கின்றன?

தொடக்கத்தில் காட்டில் நான்கு குலங்கள். மரங்கள் அடர்ந்த பகுதியில் எலியும் அணிலும் வேட்டையாடுவது தண்டர் குலம். ஆற்றங்கரையில் மீன் பிடித்து வாழ்வதும், பூனைகளுக்கு வழக்கமில்லாத நீச்சலில் தேர்ந்திருப்பதும் ரிவர் குலம். திறந்த மேட்டுநிலத்தில் முயல்களைத் துரத்துவது விண்ட் குலம். சதுப்பில் தவளைகளையும் உண்டு, இருளில் வேட்டையாடுவது ஷேடோ குலம். ஐந்தாவதாக ஸ்கை குலம் ஒன்றும் முன்னர் இருந்தது. அதன் நிலத்தில் மனிதர்கள் வீடு கட்டியபோது மற்ற நான்கு குலங்களும் இடம் தர மறுத்து அதை வெளியேற்றிவிட்டன. இந்தப் பழைய அநீதி பின்னால் வரும் நூல்களில் பெரிய கணக்காக எழுந்து நிற்கிறது.

ஒவ்வொரு குலத்துக்கும் தலைவர், துணைத்தலைவர், மருத்துவப் பூனை, போர்வீரர்கள், பயிற்சி பெறும் இளம் பூனைகள், குட்டி வளர்க்கும் தாய்ப் பூனைகள், மூத்தோர் என்று பிரிவுகள் உண்டு. தலைவர் பொறுப்பேற்கும்போது மூதாதையர் ஒன்பது உயிர்களை அளிக்கின்றனர். முழுநிலவு இரவில் நான்கு பெரிய ஓக் மரங்கள் நிற்கும் பள்ளத்தில் எல்லாக் குலங்களும் கூடுகின்றன. அந்த ஓர் இரவு சண்டை கூடாது. மேகம் நிலவை மறைத்தால் மூதாதையர் சினந்துவிட்டனர் என்று பொருள், கூட்டம் கலைந்துவிடும்.

உண்மையான பூனைகள் இவ்வளவு கட்டுக்கோப்பாக வாழ்வதில்லை. ஆனால் தெருப்பூனைகள் உணவு கிடைக்கும் இடத்தில் உறவுடைய பெண்பூனைகளை மையமாகக் கொண்டு கூட்டமாக வாழ்வதும், ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதும் ஆய்வாளர்கள் கண்டவையே. கதையில் வரும் குட்டிகள் வளர்க்கும் குகை வெறும் கற்பனை இல்லை.

பெயர்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

பெயரின் பின்பாதி பதவியைக் காட்டுகிறது. குட்டியாக இருக்கும்வரை ‘கிட்’, ஆறு நிலவுகள் (மாதங்கள்) நிறைந்து பயிற்சிக்கு வந்தால் ‘பா’, போர்வீரராகும்போது தலைவர் விரும்பிய பின்பாதியைச் சூட்டுவார், தலைவரானால் ‘ஸ்டார்’. ரஸ்டி என்பவன் ஃபயர்பா, ஃபயர்ஹார்ட், ஃபயர்ஸ்டார் என்று மாறுவது இப்படித்தான். முதல் இரண்டு நூல்களில் இது குழப்பும். நூலின் தொடக்கத்தில் உள்ள பெயர்ப்பட்டியலை அவ்வப்போது புரட்டிப் பார்த்தால் போதும்.

போர்வீரர் சட்டம் என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

எங்கள் கருத்தில் இத்தொடரின் உயிர்நாடியே இதுதான். நகமும் பல்லும் மோதும் காட்சிகளுக்காகக் குழந்தைகள் இந்நூல்களை எடுக்கலாம். ஆனால் கதையை நகர்த்துவது சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் இடையே நடக்கும் வழக்கு.

மூத்தோரும் தாய்ப் பூனைகளும் குட்டிகளும் உண்ட பிறகே போர்வீரரும் பயிற்சி பெறும் இளம் பூனைகளும் உண்ண வேண்டும். உண்பதற்காக மட்டுமே இரையைக் கொல்ல வேண்டும். அயல் குலத்தின் எல்லைக்குள் வேட்டையாடக் கூடாது. பயிற்சி பெறும் ஓர் இளம் பூனையையாவது பழக்கி முடிக்காதவர் துணைத்தலைவராக முடியாது. எந்தக் குலத்துக் குட்டியாக இருந்தாலும் அது ஆபத்தில் இருக்கையில் கைவிடக் கூடாது. போரில் வெல்வதற்காக எதிரியைக் கொல்ல வேண்டிய தேவை நேர்மையான வீரருக்கு இல்லை. தலைவரின் சொல்லே சட்டம். இவை அவற்றுள் சில.

இவை ஒன்றோடொன்று மோதும் இடங்களைத் தேடிப்பிடித்துக் கதை அமைத்திருப்பதில்தான் ஆசிரியர்களின் திறமை இருக்கிறது. முதல் நூலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தனியே வேட்டைக்குச் செல்லும் ஃபயர்பா, ஷேடோ குலத்திலிருந்து வந்த யெல்லோஃபாங் என்ற மெலிந்த முதிய பூனையை எதிர்கொண்டு சண்டையிட்டு வீழ்த்துகிறான். அவளுடைய நிலையைக் கண்டு மனம் பொறுக்காமல் இரை பிடித்துக் கொடுக்கிறான். பசியில் தானும் உண்டுவிடுகிறான். முகாமில் மூத்தோர் காத்திருக்கும்போது இரண்டுமே குற்றம். புளூஸ்டார் வழங்கும் தண்டனையைக் கவனியுங்கள்: அந்தக் கைதியைப் பராமரிக்கும் வேலையையே அவனுக்குக் கொடுக்கிறாள். சட்டத்தின் மானமும் காக்கப்படுகிறது, இரக்கமும் தொடர்கிறது. பின்னாளில் அந்தக் கைதியே தண்டர் குலத்தின் மருத்துவப் பூனையாகிறாள்.

மறுபக்கத்தில் ஷேடோ குலத் தலைவன் புரோக்கன்ஸ்டார், ஆறு நிலவுகள் நிறையாத குட்டிகளைப் போர்ப்பயிற்சிக்கு இழுத்துச் சாகவிடுகிறான். தலைவரின் சொல்லே சட்டம் என்ற ஒரே விதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற எல்லா விதிகளையும் அவன் மிதிக்கிறான். எட்டு வயதுக் குழந்தைக்குக் கொடுங்கோன்மையை இதைவிடத் தெளிவாக விளக்குவது கடினம்.

புளூஸ்டாரின் கடந்தகாலம் இன்னும் சிக்கலானது. ரிவர் குலத்து ஓக்ஹார்ட்டுடன் அவளுக்கு மூன்று குட்டிகள். குட்டி வளர்க்கும் தாய் துணைத்தலைவராக முடியாது. அவள் விலகிக்கொண்டால் இரத்தவெறி பிடித்த திசில்கிளா அப்பதவிக்கு வந்து குலத்தைத் தீராத போரில் தள்ளிவிடுவான். பனி கொட்டும் இரவில் குட்டிகளைத் தந்தையின் குலத்தில் சேர்க்க அழைத்துச் செல்கிறாள். வழியில் குளிர் தாங்காமல் ஒரு குட்டி இறந்துவிடுகிறது. அவள் செய்தது சரியா என்ற கேள்விக்கு நூல் தீர்ப்பு வழங்குவதில்லை.

மூன்றாம் பகுதியான ‘பவர் ஆஃப் த்ரீ’யில் வரும் ஹோலிலீஃப், சட்டத்தை எல்லோரையும்விட மதிப்பவள். தன் பிறப்பே சட்டமீறலால் நிகழ்ந்தது என்று அறிந்ததும் அவள் உடைந்துபோகிறாள். அந்த இரகசியத்தைக் காக்கக் கொலையும் செய்கிறாள், பின்னர் எல்லாக் குலங்களும் கூடிய இடத்தில் அதே இரகசியத்தைத் தானே போட்டு உடைக்கிறாள். ஏழாம் பகுதியான ‘தி புரோக்கன் கோட்’டில், தலைவனின் உடலில் புகுந்த வேறோர் ஆவி, சட்டத்தை மீறியவர்கள் என்று பெயர்ப்பட்டியல் வாசித்து, பழைய குற்றங்களுக்காக இன்று துன்புறுத்துகிறது. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதாகச் சொல்பவரே அதை ஆயுதமாக்கும் நிலையை இப்பகுதி நன்றாகக் காட்டுகிறது. இதன் விளைவாகச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்ற பேச்சு குலங்களில் எழுகிறது.

மூதாதையர் வழிபாடு, கனவு, சகுனம் எல்லாம் வருகிறதே. இது சமயம் சார்ந்த நூலா?

இறந்த நல்ல பூனைகள் ஸ்டார் குலத்தில் விண்மீன்களாக இருந்து கனவில் வழிகாட்டுகின்றன. தீயவை விண்மீன் இல்லாத இருண்ட காட்டுக்குச் செல்கின்றன. நம்பிக்கை கதையின் அடித்தளம்தான். ஆயினும் நம்பாதவர்களுக்கும் இத்தொடர் மரியாதையான இடம் கொடுத்திருக்கிறது. ஃபயர்ஸ்டாரின் சகோதரிக்குப் பிறந்த கிளவுட்டெயிலுக்கு ஸ்டார் குலத்தில் நம்பிக்கை கிடையாது. அவன் குலத்துக்கு விசுவாசமான வீரன். ரிவர் குலத்து மருத்துவப் பூனை மாத்விங்கின் கதை இன்னும் கூர்மையானது. அவளைத் தேர்ந்தெடுத்ததாக நம்பப்பட்ட சகுனம், குகை வாசலில் கிடந்த ஓர் அந்துப்பூச்சியின் இறக்கை. அதை அங்கே போட்டவன் அவளுடைய சகோதரன் ஹாக்ஃப்ராஸ்ட் என்று பிற்பாடு தெரியவருகிறது. தெய்வத்தோடு பேச வேண்டிய பதவியில் இருந்துகொண்டே தெய்வம் இல்லை என்று அவள் முடிவுகட்டுகிறாள். மருந்து கொடுப்பதிலோ யாருக்கும் சளைத்தவள் இல்லை.

மருத்துவப் பூனைகளின் மூலிகைகளை வீட்டுப் பூனைக்குக் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சிலந்தி வலையால் இரத்தத்தை நிறுத்துவது, சாமந்தி வகையான மேரிகோல்டால் புண் சீழ்பிடிக்காமல் காப்பது, எலியின் பித்தநீரால் உண்ணியை அகற்றுவது என்று நூலில் வரும் வைத்தியம் படிக்கச் சுவையானது. ஆனால் கதையில் எலிக்கடிக்குப் பயன்படும் பூண்டு, உண்மையில் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. தூக்கத்துக்குத் தரும் கசகசாச் செடியும் ஆபத்தானது. மரணக்கனி என்று நூல் அஞ்சும் யூ மரத்தின் பழம் மட்டும், அதன் விதையால், கதையிலும் வெளியிலும் ஒரே போல் நஞ்சு.

இருமல் நோய்க்கு அருமருந்தாகச் சொல்லப்படும் கேட்மின்ட் செடி பூனைகளைக் கிறங்கவைப்பது உண்மை. நோயைத் தீர்ப்பது கற்பனை. நம் ஊரில் அந்தச் செடியைப் பார்த்திராதவர்கள் குப்பைமேனியை நினைத்துக்கொள்ளலாம். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகர்ந்து உருளும். பூனைவணங்கி என்ற பெயர் அதற்கு வாய்த்தது சும்மா இல்லை.

மனிதர்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள்?

பெயரில்லாத இருகாலிகளாக. வாகனம் அவர்களைத் தன் வயிற்றில் ஏற்றிச் செல்லும் அரக்கன், தார்ச்சாலை இடிப்பாதை, கால்நடை மருத்துவர் வெட்டுபவர். மனிதருக்குக் குலங்கள் இருப்பதே தெரியாது. அவர்களுடைய தீங்கில் வன்மமும் கிடையாது. சிண்டர்பா என்ற துடிப்பான இளம் பூனையின் கால் சாலையோரத்தில் அரக்கன் மோதி ஊனமாகிறது. போர்வீரராக முடியாத அவள் மருத்துவப் பூனையாகிறாள். இரண்டாம் பகுதியில் புதிய சாலைக்காகக் காடே அழிக்கப்பட, இரையின்றி வாடிய நான்கு குலங்களும் பகையை ஒதுக்கிவைத்துவிட்டு மலைகளைக் கடந்து ஓர் ஏரிக்கரைக்கு இடம்பெயர்கின்றன. பழைய காட்டுக்குத் தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்டும், ஏரிக்கும் மலைக்கும் ஸ்காட்லாந்தின் லாக் லோமண்டும் உயர்நிலப் பகுதியும் மாதிரிகளாக இருந்தன.

அறிவியல் பிழைகள் உண்டா?

உண்டு, அவை சுவையானவை. முதல் நூலில் வரும் துணைத்தலைவன் ரெட்டெயில், கறுப்பும் செம்பட்டையும் கலந்த நிறமுடைய ஆண்பூனை. செம்பட்டை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அவ்விரு நிறமும் கலந்து வருவது ஏறக்குறைய எப்போதும் பெண்பூனைகளில்தான். அப்படி ஓர் ஆண் பிறப்பது மிக அரிது. அவ்வாறே, பிரிட்டனின் சாயலில் அமைந்த மலைகளில் ஷார்ப்டூத் என்ற மலைச்சிங்கம் (அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பூமா) திரிவதும் விளக்கத்துக்கு அப்பாற்பட்டது. மாறாக, ஸ்னோகிட் என்ற நீலக்கண் வெள்ளைக் குட்டி செவிடாகப் பிறப்பது உயிரியலுக்கு ஒத்துவருகிறது.

எந்த வயதுக் குழந்தைகள் படிக்கலாம்? வன்முறை மிகுதியா?

பதிப்பகம் எட்டு முதல் பன்னிரண்டு வயது என்கிறது. வன்முறை மிகுதிதான் என்பதை மறைப்பதில் பயனில்லை. மேலே சொன்ன ஸ்னோகிட்டைப் பருந்து தூக்கிச் செல்கிறது. கத்திக் கூப்பிட்ட எச்சரிக்கை அதன் காதில் விழவில்லை. நாய்க்கூட்டம் இரு இளம் பூனைகளைத் தாக்கி ஒருவனைக் கொன்று மற்றவளின் முகத்தைச் சிதைக்கிறது. ஆறாம் நூலில், நாய்ப்பற்கள் பதித்த பட்டை அணிந்த ஸ்கர்ஜ் என்ற சிறிய கறுப்புப் பூனை, முதல் பகுதியின் பெரும் வில்லனான டைகர்ஸ்டாரை ஒரே வெட்டில் சாய்க்கிறது. ஒன்பது உயிர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிவதை ஆசிரியர் விடாமல் விவரிக்கிறார்.

எங்கள் பரிந்துரை: பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தனியே படிக்கட்டும், அதற்குக் கீழே என்றால் பெற்றோரும் உடன் படிப்பது நல்லது. வீட்டில் வளர்த்த பூனையை அண்மையில் இழந்த குழந்தைக்கு இதை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

திரைப்படம் வந்திருக்கிறதா?

சீனாவின் அலிபாபா பிக்சர்ஸ் நிறுவனம் 2016இல் படமாக்கும் உரிமையைப் பெற்றது. திரையரங்குக்குப் படம் எதுவும் வரவில்லை. அந்த இடைவெளியை வாசகர்களே நிரப்பிக்கொண்டனர். ஒரு பாடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, பல நாடுகளின் இளைஞர்கள் ஆளுக்கொரு துண்டாக அசைவூட்டம் செய்து இணைத்த காணொளிகள் யூடியூபில் ஏராளம். படக்கதை நூல்கள் 2007 முதல் வருகின்றன.

எந்த வரிசையில் படிப்பது?

வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். குலங்கள் தோன்றிய வரலாற்றைச் சொல்லும் ‘டான் ஆஃப் தி கிளான்ஸ்’ காலத்தால் முந்தியது. ஆனால் ஐந்தாவதாக, 2013 முதல் 2015 வரை எழுதப்பட்டது. ஸ்டார் குலம் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தவருக்கே அதன் நயம் புரியும். புளூஸ்டாரின் வாழ்க்கையைத் தனியே சொல்லும் பெருநூலையும் முதல் ஆறு நூல்களுக்கு முன் தொடக் கூடாது. முக்கியமான இரகசியம் அவிழ்ந்துவிடும். பழைய பதிப்புகளில் முதல் பகுதிக்குத் தனிப் பெயர் இராது. ‘தி ப்ராஃபெசீஸ் பிகின்’ என்ற பெயர் மறுபதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. பழைய புத்தகக் கடையில் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் படித்தாக வேண்டுமா?

தேவையில்லை. முதல் ஆறு நூல்கள் தம்மளவில் முழுமையான கதை. ‘தி டார்க்கஸ்ட் அவர்’ முடிந்ததும் தயங்காமல் நிறுத்தலாம். மேலும் வேண்டும் என்று கேட்கும் குழந்தைக்கு இரண்டாம், மூன்றாம் பகுதிகள் ஏமாற்றம் தரா. நான்காம் பகுதியான ‘ஓமன் ஆஃப் தி ஸ்டார்ஸ்’ தேவைக்கு மேல் இழுக்கிறது. பாத்திரங்கள் பெருகி, யார் யாருக்கு என்ன உறவு என்று காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டியிருக்கும். அதில் சோர்ந்துபோனவர்கள் அதன் கடைசி நூலை மட்டும் படித்துவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றால் கதை அறுபடாது.